குன்னூர் குளிரில் விசில் கச்சேரி: எந்தக் கட்டை, உதடு விட்டுப்போகாமல் எப்படி, மைக் எங்கே?

கேத்திக்காரன்

டிசம்பர் கடைசியில் குன்னூரில் ஒரு சின்ன கச்சேரி. 150 பேர் உட்காரும் ஹால், தகரக் கூரை, சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பம், 40 நிமிஷம். விசில்தான் முன்னணி வாத்தியம், வாய்ப்பாட்டு கிடையாது. பக்கத்தில் புல்லாங்குழல், தபலா, எலக்ட்ரானிக் தம்புரா. பாதி கர்நாடகம், பாதி மெல்லிசை.

உதட்டைக் குவித்து ஊதுகிற விசில். விரல் வைத்து அடிப்பதில்லை. ட்யூனரில் பார்த்தால் கீழே 700 ஹெர்ட்ஸ் வரைக்கும் மேலே 2800 வரைக்கும் தெளிவாக நிற்கிறது. அதற்கு வெளியே போனால் வெறும் காற்று.

கேள்விகள் இவைதான். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் வைப்பது? குழல்காரர் 5 கட்டை என்கிறார். வெயில் இறங்கியதும் 15 நிமிஷத்தில் சத்தம் காற்றாக மாறிவிடுகிறது, அதற்கு என்ன செய்வது? வீட்டுக்குள் சேர்கிற குழலும் விசிலும் ஹாலுக்குப் போனால் சேரவில்லை, ஏன்? மைக்கில் புஸ் புஸ் என்று அடிக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நாதச்சுழி

கட்டையை முதலில் முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

உங்கள் 700 ஏறத்தாழ ஒரு எஃப். 2800 அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே உள்ள எஃப். 5 கட்டை என்றால் ஷட்ஜம் (ஸ) ஜி. அதை 784 ஹெர்ட்ஸில் வைத்தால் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ப) 587க்கு இறங்க வேண்டும். அந்தச் சுரம் உங்களிடம் இல்லை. ஷட்ஜத்துக்குக் கீழே நிஷாதம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு ஸ்தாயி ஏற்றி 1568ல் வைத்தால் தார ஷட்ஜமே (மேல் ஸ்தாயி ஸ) 3136, உங்கள் எல்லைக்கு வெளியே. ஆகவே 5 கட்டையை மறந்துவிடுங்கள்.

ஏட்டுக் கணக்கில் அச்சாகப் பொருந்துவது 6½ கட்டை. ஷட்ஜம் 932, மந்தர பஞ்சமம் 698, தார பஞ்சமம் 2794. ஆனால் இரண்டு முனையும் விளிம்பில் நிற்கிறது. வெதுவெதுப்பான அறைக்குள் கிடைக்கிற விளிம்பு குளிர்ந்த மேடையில் கிடைக்காது. என் தேர்வு 1 கட்டை. ஷட்ஜம் 1047, மந்தர பஞ்சமம் 784, தார ஷட்ஜம் 2093, தார அந்தர காந்தாரம் 2637. கீழே இரண்டு அரைச் சுரமும் மேலே ஒன்றும் கையிருப்பாக இருக்கும். உருப்படிகளை மந்தர பஞ்சமத்துக்கும் தார காந்தாரத்துக்கும் இடையில் அடங்குகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். தார பஞ்சமம் தொடுகிற அனுபல்லவியோ சரணமோ உள்ளதை இந்த முறை விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து, சத்தம் எங்கே பிறக்கிறது என்பது. உதட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், உதட்டைத்தான் எல்லோரும் வருத்துகிறார்கள். வாய்க்குள் நாக்கின் முதுகுக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் ஓர் இடுக்கு, முன்னால் உதட்டுத் துளை, இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று அறை. அந்த அறையின் கொள்ளளவுதான் சுருதியைத் தீர்மானிக்கிறது. நாக்கு முன்னேறி மேலெழுந்தால் அறை சுருங்கும், சுருதி ஏறும். 'ஈ' சொல்லும் நிலை. நாக்கு பின்வாங்கித் தாழ்ந்தால் அறை பெருகும், சுருதி இறங்கும். 'ஊ' வழியாக 'ஓ'வுக்குப் போகும் நிலை. உதடு துளையை நிலையாகப் பிடித்துக்கொடுக்கிறது, அவ்வளவே. ஏறும்போது சற்றுச் சுருங்கும், இறங்கும்போது சற்று விரிந்து முன்னால் நீளும்.

இது பிடிபட்டால் உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி தீரும். ஒவ்வொரு சுரத்துக்கும் உதட்டை இறுக்கித் தளர்த்துகிறவருக்குக் குளிரில் தசை சீக்கிரம் களைத்துவிடும். கண்ணாடி முன் நின்று மாயாமாளவகௌளை சரளி வரிசையை விளம்பத்தில் (மெதுவாக) ஊதிப் பாருங்கள். ஸ–ரி–க–ம வரைக்கும் உதடு அசையவே கூடாது. அசைந்தால் நாக்கு தன் வேலையைச் செய்யவில்லை.

மந்தரம் வராததற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. தாடை இறங்காமல் இருப்பது முதல் காரணம். மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலமாவது இடம் வேண்டும். நாக்கு நுனி கீழ்ப்பல்லில் ஒட்டியே கிடப்பது அடுத்தது. மத்திய ஸ்தாயியில் அங்கே இருக்கலாம், மந்தரத்துக்கு அரை அங்குலம் பின்னால் வர வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் பேர் செய்வது: சுரம் வரவில்லையே என்று கூடுதலாக ஊதுவது. கீழ்ச் சுரத்துக்குக் காற்று மெதுவாகப் போக வேண்டும், வேகம் கூடினால் நாதம் உடைந்து இரைச்சலாகும். தினமும் மத்திய ஷட்ஜத்தில் தொடங்கி நிஷாதம், தைவதம், பஞ்சமம் என ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொன்றையும் 10 வினாடி ஆடாமல் நிறுத்துங்கள். உடைகிற இடத்தில் இன்னும் மெதுவாக ஊதி மறுபடி பாருங்கள். 10 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

இனி குளிர். உதடு விறைப்பதும் வறள்வதும் வெவ்வேறு தொல்லைகள், மருந்தும் வெவ்வேறு. விறைப்புக்கு மேடை ஏறும்வரை மஃப்ளரோ துணி முகக்கவசமோ வாயை மூடியிருக்கட்டும்; உருப்படிகளுக்கு நடுவில் அறிமுகம் பேசும் வேலையைத் தபலாக்காரரிடம் விட்டுவிட்டு மறுபடியும் மூடிக்கொள்ளுங்கள். ஃப்ளாஸ்கில் வெந்நீர், ஒரு மடக்குக்கு மேல் வேண்டாம். வறட்சிக்கு முதல் நாள் இரவே வாசலின் தடவிக்கொள்ளுங்கள். கச்சேரி அன்று மதியத்துக்குப் பிறகு எதுவும் தடவாதீர்கள், தடவியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிசுக்கு இருக்கும் உதட்டில் துளையின் ஓரம் நிலையாக நிற்காது. நாக்கால் நக்கி ஈரப்படுத்துவது இரண்டு நிமிஷம் உதவும், அப்புறம் இன்னும் மோசமாக வறளும்.

மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம் ஆவி பிடிப்பவர்கள் உண்டு. அதை உதட்டில் தொட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். எரிச்சல் ஒரு பக்கம், உள்ளே போனால் அது விஷம். பால் டீ குடித்தால் எச்சில் கெட்டியானது போலிருக்கும், கடுங்காப்பியும் கட்டன் சாயாவும் வாயை உலர்த்தும். ஊட்டி வர்க்கியைக் கச்சேரி முடிந்து சாப்பிடுங்கள். ஒரு துகள் உதட்டோரம் ஒட்டியிருந்தால் போதும், தார ஷட்ஜம் வராது.

ஒப்பனை அறையில் குளிர் என்று கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தி உட்கார வேண்டாம். காற்று வறள்வதை விடுங்கள், மூடின அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும்.

கொடைமலை

ஒரு சந்தேகம். மலை மேல காத்து லேசு. அதனால விசில், குழல் எல்லாமே தானா சுருதி ஏறிடும்னு கொடைக்கானல்ல சொல்லக் கேள்வி. அப்போ 1 கட்டைன்னு கணக்குப் போட்டது மேடையில 1½ ஆகிடாதா?

மூங்கில்துளை

ஆகாதுங்க. ஏறாதது மட்டுமில்ல, குழல் இறங்கத்தான் செய்யும்.

காத்துல ஒலி எவ்வளவு வேகமா போகுதுங்கறது வெப்பத்தைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்தது இல்லீங்க. மேல போகப்போக அழுத்தமும் குறையுது, அடர்த்தியும் அதே விகிதத்துல குறையுது. ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும். வெப்பம் குறைஞ்சா மட்டும் வேகம் குறையும். 28 டிகிரியில ஒலி விநாடிக்கு 348 மீட்டர், 12 டிகிரியில 339 மீட்டர். சமவெளி வெயில்ல செஞ்சு சுருதி பார்த்த குழலை 12 டிகிரி ஹால்ல அப்படியே எடுத்து ஊதினா சுமார் 47 சென்ட் இறக்கம், அதாவது அரைக் கட்டையில பாதி. ஊத ஊத மூச்சுச் சூட்டுல கொஞ்சம் ஏறிக்கும், முழுசா ஏறாது. நடுவுல பத்து நிமிஷம் கீழ வெச்சா மறுபடி இறங்கிடும். குழல் இரண்டு மூணு இடத்துல மட்டும் வாசிக்கறதுன்னா இதுதான் கேத்திக்காரன் சொல்ற தகராறு.

விசிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அறை வாய்க்குள்ள இருக்கு, உடம்புச் சூடு அங்க மாறாது. அதோட விசிலுக்கு விரல் துளையும் கிடையாது, கட்டையும் கிடையாது. காது சொன்ன இடத்துல நாக்கு நிக்கும். அதனால வீட்டுக்குள்ள இரண்டும் சேருது, ஹால்ல ஒண்ணு மட்டும் இறங்கிடுது.

செய்ய வேண்டியது இதுதாங்க. குழலை வாசிக்காத நேரம் ஸ்வெட்டருக்குள்ள, உடம்போட ஒட்டி வெச்சிருக்கணும். நுழையறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எல்லா விரலையும் மூடி, சத்தம் வராம உள்ள சூடான மூச்சு விடணும், 'ஹா'ன்னு. ஹீட்டர் பக்கத்துல மட்டும் வெக்காதீங்க, மூங்கில் விரிசல் விட்டுடும். படகர் ஊர்கள்ல புகிரிங்கற மூங்கில் குழல் வாசிக்கற பெரியவங்ககிட்டக் கேட்டாலும் சூட்டோட வாசிக்கத்தான் சொல்லுவாங்க.

அதுக்கு மேலயும் இறங்கி நின்னா தம்புராவைக் குழலுக்கு இறக்குங்க. எலக்ட்ரானிக் தம்புராவுல நுண்சுருதித் திருகு இருக்கும். 15, 20 சென்ட் இறக்கினா போதும். விசில் எதுக்கும் ஒத்துப்போகும், தபலாவும் சுத்தியால ஒத்துப்போகும், குழல் ஒண்ணுதான் பிடிவாதம். தபலாவை மேடைக்குக் கொண்டுவந்து 20 நிமிஷம் கழிச்சு சுருதி சேருங்க. மஞ்சு உள்ள வந்தா தோல் ஈரம் இழுத்துத் தொய்யும், பாதியில ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டி வரும்.

5 கட்டைக் குழல் ஒத்துவராதுன்னு மேல சொன்னது சரி. 1 கட்டைக் குழல் அவர்கிட்ட இல்லைன்னா இரவல் வாங்கச் சொல்லுங்க. 5 கட்டைக் குழல்ல மத்தியமத்தை ஷட்ஜமா வெச்சு வாசிக்கறவங்க உண்டு, அதுவும் சி சுருதிதான் வரும். கமகம் போடறது அவருக்குக் கஷ்டமா இருக்கும், மெல்லிசைக்குத் தாராளமாப் போதும்.

நாதச்சுழி

மூங்கில்துளை சொன்னதோடு ஒன்று. உயரத்துக்கு விளைவே இல்லை என்றில்லை. 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 1850 மீட்டரில் உள்ள குன்னூரில் ஐந்தில் நாலு பங்கு. காற்று லேசாக இருப்பதால் அதே ஊதலுக்குச் சத்தம் சற்று மெலிந்து கேட்கும். மெலிகிறதே என்று வேகமாக ஊதினால்தான் வம்பு: நாதம் உடையும், தலை சுற்றும், விரல்நுனி மரத்துப்போகும். கீழ்நாட்டிலிருந்து அன்றைக்கே வந்து இறங்கிய கலைஞருக்கு இது சீக்கிரம் வரும். வந்தால் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) விட்டுவிட்டு மூக்கால் மெதுவாக மூச்சு வாங்க வேண்டும். சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும்.

தகரக்கூரை சவுண்ட்

மைக்கு நம்ம ஏரியா.

புஸ் புஸ் வர்றதுக்கு ஒரே காரணம், மைக்கு வாய்க்கு நேரா இருக்கு. காத்து நேரா ஒரு கோடு மாதிரி போகும், சத்தம் நாலாபக்கமும் பரவும். அதனால மைக்கைக் கன்னத்து ஓரமா, 45 டிகிரி சாய்ச்சு, உதட்டுல இருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி வைங்க. சத்தம் அவ்வளவா குறையாது, காத்து மட்டும் தப்பிச்சுப் போயிடும். மேல ஸ்பாஞ்ச் உறை போடுங்க. சோதனை சுலபம்: மைக்கு இருக்கிற இடத்துல உள்ளங்கையை வெச்சு ஊதுங்க, காத்துப் பட்டா இன்னும் தள்ளுங்க. காலர் மைக், ஹெட்செட் மைக் இரண்டும் வேண்டாம்.

கண்டென்சர் மைக் கேட்டு வாங்காதீங்க. குன்னூர்ல டிசம்பர்னா வடகிழக்குப் பருவமழை மிச்சம் இருக்கும், கதவைத் திறந்தா மஞ்சு உள்ள வரும். ஈரம் பட்டா கண்டென்சர் மொறமொறன்னு பொரியும். எஸ்.எம்.58 மாதிரி டைனமிக் மைக் போதும்.

மிக்ஸர்ல லோ கட் (அடித்தொனியை வெட்டற வசதி) எவ்வளவு மேல போகுமோ அவ்வளவு ஏத்துங்க, 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் பயமில்லாம. விசிலோட அடி சுரமே 700ங்கறாரு, அதுக்குக் கீழ வர்றதெல்லாம் காத்தும் மேடை அதிர்வும்தான். பாட்டுக்காரருக்கு இப்படிச் செஞ்சா குரல் செத்துடும், விசிலுக்குச் சொர்க்கம். சின்ன மிக்ஸர்னா லோ கட் 80, 100 ஹெர்ட்ஸ்ல நின்னுடும். அப்போ லோ திருகை முழுசா இறக்கிடுங்க.

மனுஷக் காது 2000ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரொம்பக் கூர்மை. தார ஷட்ஜம் 2093ல வந்து விழுது. மத்திய ஸ்தாயிக்கு சரியா வெச்ச லெவல்ல தாரம் வந்தா முன்வரிசை காதைப் பொத்தும். 2.5, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்குங்க, கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தைத் தானா அமுக்கற கருவி) இருந்தா 3க்கு 1 விகிதம். மிச்சத்தை ஊதறவர் பார்த்துக்கணும்: மேல போகப்போக சத்தத்தைக் குறைக்கணும், பல பேர் தலைகீழாச் செய்யறாங்க.

ரிவெர்ப்ல (செயற்கை எதிரொலி) கையை அடக்குங்க. தகரக் கூரை ஹால் தானே எதிரொலிக்கும். ஒரு சுரத்தோட கூடவே மேல ஒலிக்கற மேல்சுரங்கள் (ஓவர்டோன்) விசில்ல கிட்டத்தட்ட இல்லை, சுத்தமான ஒத்தைச் சுரம். ரிவெர்ப் அதிகமானா முன்சுரமும் பின்சுரமும் மேல மேல படிஞ்சு எது எதுன்னு தெரியாது. ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் சத்தத்தை மைக்கே மறுபடி வாங்கிக் கத்தறது) ஒத்தைச் சுரம்தான். ஹால்ல 'கூ'ன்னு வர்றது விசிலா ஸ்பீக்கரான்னு ஒரு நிமிஷம் யாருக்கும் புரியாது, அது வேற கூத்து. மானிட்டரை (கலைஞர் கேட்கறதுக்கு மேடையில வெக்கற ஸ்பீக்கர்) மைக்கோட முதுகுப் பக்கம் வைங்க. அதுல விசிலே வேண்டாம், தம்புராவும் குழலும் மட்டும் போதும்.

மழை வந்தா தகரம் பேசும். அப்போ வால்யூம் ஏத்திப் பிரயோசனம் இல்லை. மெதுவான உருப்படியைத் தள்ளிப்போட்டு தபலாவோட துரிதமானதை எடுங்க.

ஒத்திகையை ஜூம்ல வெச்சா 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுக்கோங்க. இல்லைன்னா இரைச்சல்னு நினைச்சு விசிலையே அது வெட்டிடும்.

சோலைக்காரி

மேடைக்குச் சம்பந்தமில்லாத விஷயம், ஆனால் சாதகத்துக்குச் சம்பந்தம் உண்டு. விடிகாலையில் சோலை ஓரம் போய்ப் பயிற்சி செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள்.

சீகாரப் பூங்குருவி நீலகிரி, பழனி இரண்டு மலையிலும் ஓடைக்கரையில் இருக்கிறது. வெளிச்சம் வருவதற்கு முன்பே பாட ஆரம்பிக்கும். பையன் ஒருவன் நினைத்ததை விசிலடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும், ஒரு ஷட்ஜத்தில் நிற்காமல் அலையும். கேட்டுப் பழக அருமையான குரு. ஒரு சொற்கட்டை மனதில் வாங்கி வீட்டுக்கு வந்து ஊதிப் பார்ப்பது நல்ல காதுப் பயிற்சியும்கூட. ஆனால் கூடு கட்டும் காலத்தில் அதன் எல்லைக்குள் நின்று பதில் ஊதினால் போட்டி ஆண் வந்துவிட்டது என்று அலைபாயும், தீனி தேடுகிற நேரம் வீணாகும். நீலகிரிச் சிரிப்பான், பழனி மலைச் சிரிப்பான் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். செந்நாய்களும் கூட்டம் பிரிந்தால் விசில் மாதிரி ஒலியால்தான் ஒன்றையொன்று கூப்பிடும், அந்தப் பேச்சில் நாம் நுழைய வேண்டாம். பனிக்குள் முன்னால் காட்டெருமை நிற்பது பத்தடிக்கு வரும்வரை தெரியாது. காதை மூடிக்கொண்டு தன் விசிலிலேயே மூழ்கி நிற்க அது இடமில்லை.

வெளியில் ஊதியே ஆக வேண்டும் என்றால் கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி திறந்த இடம், ஊர்ப்பக்கம், காற்றில்லாத நேரம். அமைதியான விடியற்காலையில் குளிர்காற்று அடியில் தங்கி வெதுவெதுப்பான காற்று மேலே இருக்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். மதியம் அதே சத்தம் பாதித் தூரம்கூடப் போகாது. ஸ்பெயினின் கானரித் தீவுகளில் லா கொமேரா என்ற தீவில் பள்ளத்தாக்கு தாண்டி விசிலாலேயே பேசுகிறார்கள், 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அது பெரும்பாலும் விரல் விசில். உதட்டு விசிலுக்கு அந்தப் பலம் கிடையாது, காற்றடித்தால் துளைக்கு முன்னாலேயே கலைந்துவிடும்.

கேத்திக்காரன்

எல்லோருக்கும் நன்றி. குழல்காரரிடம் பேசியாச்சு, 1 கட்டைக் குழல் கிடைக்கும் என்கிறார். லோ கட் விஷயம் யாரும் சொன்னதே இல்லை சவுண்ட் அண்ணா.

நாதச்சுழி சார், இன்னும் இரண்டு. ஜண்டை வரிசை ஊதினால் ஸஸ ரிரி என்று பிரியாமல் ஒரே இழுப்பாக வருகிறது. கமகத்துக்குத் தாடையை ஆட்டுவதா? அப்புறம், மூச்சு விடாமல் உள்ளே இழுத்தும் ஊதலாம் என்கிறார்களே, நீண்ட சங்கதிக்கு அது உதவுமா?

நாதச்சுழி

பிரியாததற்குக் காரணம், விசிலில் சுரத்துக்குச் சுரம் தானாகவே வழுக்கும். வீணையில் மீட்டு இருக்கிறது, குழலில் 'து'காரம் இருக்கிறது. விசிலில் நாக்கு சுருதி வேலையில் இருப்பதால் நுனியால் 'து' போட்டால் சுரமே குலையும். இரண்டு வழி உண்டு. தொண்டையில் காற்றை வெட்டுவது ஒன்று. சத்தமில்லாமல் 'அ' 'அ' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது தொண்டைக்குள் அடைக்கிற இடம்தான் அது. நாக்கின் அடிப்பகுதியால் 'கு' போடுவது மற்றொன்று. விளம்பத்துக்குத் தொண்டை வெட்டு போதும், துரிதத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். உதட்டை மூடித் திறந்து 'பு' போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் துளை புதிதாக அமைய வேண்டியிருக்கும், மைக்கிலும் வெடிக்கும். ஜண்டையில் இரண்டாவது சுரத்துக்கு அழுத்தம் கொடுங்கள், பிரிவு தானே தெரியும். அது பழகியதும் தாட்டு வரிசை.

தாடையை ஆட்டினால் சத்தம் ஏறி இறங்கும், சுரம் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். கேட்பவருக்கு நடுக்கமாகத் தெரியும், கமகமாகத் தெரியாது. கம்பிதம் (சுரத்தை ஆட்டுவது) நாக்கின் முதுகிலிருந்து வர வேண்டும். 'இ–உ–இ–உ' என்று உதடு அசையாமல் மனதில் சொல்லிக்கொண்டே ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆடுங்கள். நிமிஷத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு ஒரு ஆட்டம், சுத்தமானதும் தட்டுக்கு இரண்டு. ஜாரு (சுரத்துக்குச் சுரம் வழுக்குவது) விசிலுக்குப் பிறவிக் குணம், அதைக் கற்க வேண்டாம், அடக்கத்தான் கற்க வேண்டும். தோடி, சஹானா, பேகடா இந்தக் கச்சேரிக்கு வேண்டாம். மோகனம், ஹம்சத்வனி, சுத்த சாவேரி தைரியமாக எடுக்கலாம். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள் சங்கராபரணத்தில், மேல்நாட்டு மெட்டில், கமகமில்லாமல் நேர் சுரமாகப் போகும். விசிலுக்கென்றே செய்தது போல இருக்கும், சிறியவை, ஆரம்பத்தில் இரண்டு வைத்தால் உதடும் சூடேறும். முழுக்க முழுக்க விசிலிலேயே கர்நாடகக் கச்சேரி செய்யும் ஆந்திராவின் கொமரவோலு சிவப்பிரசாத்தின் பதிவுகள் கிடைக்கும். ராகத்தை விட்டுவிட்டு, அவர் சுரங்களை எங்கே வெட்டுகிறார், எங்கே சேர்க்கிறார் என்று மட்டும் ஒரு முறை கேளுங்கள்.

உள்ளிழுத்து ஊதுவது முடியும். ஆனால் அந்த நாதம் மெலிந்து வேறு நிறத்தில் இருக்கும், சேர்ப்பு தெரியாமல் செய்ய நீண்ட பழக்கம் வேண்டும். மலையில் இன்னொரு சிக்கல். வெளியே ஊதும்போது வாயில் இருப்பது உடம்புச் சூட்டுக் காற்று. உள்ளே இழுக்கும்போது வருவது 12 டிகிரி ஹால் காற்று. ஒலிவேகம் குறைந்து அதே நாக்கு நிலைக்குச் சுருதி இறங்கும். மூங்கில்துளை குழலுக்குச் சொன்ன அதே நோய் அங்கே வந்துவிடும், உதடும் தொண்டையும் வேறு உலரும். விசிலுக்குக் காற்றுச் செலவு மிகக் குறைவு. சரியாக ஊதினால் ஒரு மூச்சில் 20 வினாடி நிற்கும், இரண்டு களை ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்தை ஒட்டி வரும். மூச்சு போதவில்லை என்றால் துளை பெரிதாக இருக்கிறது. ஒரு பென்சில் நுழையாத அளவுக்குச் சுருக்குங்கள்.

தம்புரா பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. விசிலில் மேல்சுரங்கள் இல்லாததால் அடித்தொனி மட்டும் கனமாக இருக்கிற தம்புராவோடு சுருதி விலகினாலும் காதுக்குச் சட்டென்று தெரியாது. 1 கட்டையில் மேல் ஸ்தாயி வசதி இருந்தால் அதைப் போடுங்கள், ட்ரெபிளைக் கூட்டுங்கள். விலகினால் உடனே அலையடிக்கும்.

தகரக்கூரை சவுண்ட்

சவுண்ட் செக் 3 மணிக்குன்னு ஹால்காரர் சொல்லுவார், ஒத்துக்காதீங்க. அப்போ கூரை வெயில்ல காஞ்சு உள்ள 20 டிகிரி இருக்கும், குழலும் சேரும், உதடும் சேரும், எல்லாமே சரின்னு தோணும். 5 மணிக்கு மேல வைங்க. ஜன்னல் பக்கம் மைக் ஸ்டாண்ட் போடாதீங்க.

மூங்கில்துளை

ஆமாங்க, 5 மணிக்கு மேலயே வைங்க. தம்புராவை எத்தனை சென்ட் இறக்கினீங்கன்னு அப்பவே ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதித் திருகு மேல ஒட்டிடுங்க. கரண்ட் போய் வந்தா சில பெட்டிகள்ல அது பூஜ்யத்துக்குத் திரும்பிடும்.